கோட்டுக்கு மேலே ஒரு பெயர்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். எனக்கு வந்தவர் ஒரு சின்னப் பெட்டியோடும், அதைவிட இரண்டு மடங்கு நீளமான ஒரு பையோடும் வந்தார். வந்த அன்றே மாப்பிள்ளையைக் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று அம்மா பேசாமல் இருந்தார். பின்னேரம் என்னைக் குசினி அடுப்படிக்கு இழுத்து வைத்துக் கேட்டார்.

"என்னகா புள்ள அது, இவ்வளவு நீளத்தில? மீன் பிடிக்கிற சாமானா?"

"கோல்ஃப் மட்டை அம்மா. அதுதானே அவர்ர தொழில்."

"தொழில் எண்டு செல்லித்தான் கட்டித் தந்தம். அதுக்கு இத்தனை மட்டையா?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நான் அம்மாவுக்கு அந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். தூரத்துக்கு ஒரு மட்டை, கிட்டத்துக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று, கடைசியில் குழிக்குள் உருட்டிவிட ஒன்று. பந்தைக் குறைந்த அடியில் குழிக்குள் போட்டவர் வென்றவர். எல்லாம் கேட்டுவிட்டு அம்மா, "இதுக்கா அந்த மனுசன் கொழும்புக்கும் இஞ்சைக்கும் அலையிறார்?" என்றார். எனக்கும் அதே கேள்விதான். ஆனால் கட்டிக்கொண்ட பிறகு அதை வெளியே சொல்ல முடியாது.

இவர் பெரியகல்லாற்றுப் பக்கம். இளம் வயதில் கொழும்புக்கு வேலைக்குப் போன இடத்தில் பிறருடைய பையைத் தூக்கி, பிறகு தானே அடிக்கப் பழகி, அதையே பிழைப்பாக்கிக்கொண்டவர். கிழமை நாட்களில் அங்கே பணக்காரர்களுக்குப் பழக்கிக் கொடுப்பார். மற்ற நேரம் எங்கள் வீட்டில் இருந்து, வாவிக்கரையில் மாடு மேயும் தரையில் நின்று அடிப்பார். ஊரில் அவருக்கு 'பந்து மாப்பிள்ளை' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்குக் கேட்கும்படி சொல்வார்கள்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஆசிய நாடுகளில் வருடம் முழுவதும் ஊர் ஊராகப் பெரிய போட்டிகள் நடக்கின்றன. அதில் விளையாட வேண்டுமென்றால் டூர் காட் என்ற அங்கத்துவம் வேண்டும். வருடத் தொடக்கத்தில் தாய்லாந்தில் ஒரு தகுதிப் போட்டி வைப்பார்கள். நாலு நாள் விளையாட்டு, ஒரு நாளைக்குப் பதினெட்டுக் குழி. கடைசியில் பட்டியலில் ஒரு கோடு போடுவார்கள். கோட்டுக்கு மேலே பெயர் இருந்தால் அந்த வருடத்துக்குக் காட் கிடைக்கும். கீழே இருந்தால் கறுத்த முகத்தோடு வீட்டுக்கு வரலாம். இரண்டு தடவை அப்படித்தான் கறுத்து வந்தார்.

மூன்றாம் தடவை போவதற்கு முன் நான் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டேன், இதுதான் கடைசி என்று. கட்டாரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிக்கும் வேலை வந்திருந்தது. காத்தான்குடியில் இருந்த முகவர் நாளுக்கு நாள் அழைத்துக்கொண்டிருந்தார். போனால் இரண்டு வருடத்துக்கு லீவு இல்லை. எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. தகப்பன் திரும்பி வரும்போது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாள். காட் கிடைத்தால் போட்டிக்குப் போட்டி வீட்டுக்கு வந்து போகலாம், கிடைக்காவிட்டால் கட்டார். இவரும் தலையாட்டினார். என் அப்பாவிடமும் அதையே சொல்லிவிட்டுத்தான் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

போட்டி தொடங்கிய கிழமை எங்கள் பக்கம் ஒரே மழை. பொங்கல் முடிந்து சில நாள்தான். வாவி நிரம்பி, தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். எனக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கும் காலம். தையல் மெசினுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி மலைபோலக் கிடந்தது. இவருடைய விளையாட்டை டீவியில் காட்ட மாட்டார்கள். இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு குழியும் முடிய முடிய அதில் எண்கள் மாறும். வரவேண்டிய அடிக்கு எத்தனை குறைவு என்று கணக்குப் போட்டு, பெயருக்குப் பக்கத்தில் கழித்தல் அடையாளத்தோடு ஓர் எண். கழித்தல் கூடக்கூட நல்லது. பட்டியலின் நடுவே அந்தக் கோடு.

இந்தக் கழித்தல் கணக்குத்தான் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அப்பாவின் நெல் வயல் வட்டை கரடியனாற்றுப் பக்கம். இப்போது மெசின் வந்து வெட்டி மூட்டையில் போட்டுவிட்டுப் போகிறது. ஆனாலும் நெல்லடிக்கிற களவெட்டிப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. களத்தில் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். அளந்து முடியும்வரை எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. 'குறைஞ்சு போச்சு', 'முடிஞ்சுது' என்ற பேச்சே வரக்கூடாது. வந்தால் களத்தில் இருப்பதும் இல்லாமல் போகும்.

"குறையக் குறைய நல்லமெண்டு ஒரு விளையாட்டா?" என்று முதல் நாளே முகத்தைச் சுளித்தார். "சரி, அது அவங்கட கணக்கு. இந்த வீட்டுக்குள்ள எண்ணிக்கையும் வேணாம், குறைஞ்ச கதையும் வேணாம். நாலு நாளும் முடியட்டும். மறுகா செல்லுங்க."

என் தம்பிக்கு இது சிரிப்பு. அவன் கையிலும் அதே பக்கம் திறந்திருக்கும். "அக்கா, மூண்டு குறை—" என்று தொடங்குவான். அப்பா செருமுவார். "மூண்டு பொலி" என்று மாற்றிச் சொல்வான். அதற்கும் அப்பா முறைப்பார். பொலி என்றாலும் மூன்று மூன்றுதானே. கடைசியில் எண்ணைச் சொல்லாமல் தாடையை மேலே தூக்கினால் கோட்டுக்கு மேலே, கீழே இறக்கினால் கீழே என்று வைத்துக்கொண்டோம். நான் இந்த மாதிரி விஷயங்களை நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்த நாலு நாளும் நானும் வாய் திறந்து எண்ணைச் சொல்லவில்லை.

முதல் மூன்று நாளும் அங்கேயும் மழைதானாம். பின்னேரத்தில் இவர் அழைத்தால் சாப்பிட்டீங்களா, கால் நோகுதா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மூன்றாம் நாள் முடிவில் கழித்தல் மூன்று. கோடு கழித்தல் நாலில் கிடந்தது. நான் தாடையை இறக்கினேன். அம்மா அம்மனுக்கு ஒரு நேர்த்திக் காசை முடிந்து வைத்தார்.

நாலாம் நாள் காலையில் கரண்ட் இல்லை. அதோடு வீட்டுக்குள் சிக்னலும் போய்விட்டது. கிணற்றுக்கட்டில் ஏறி நின்றால் மட்டும் பக்கம் திறந்தது. நான் இரண்டு சட்டை தைப்பேன், குடையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவேன், திரும்பி வருவேன். அன்று தைத்த சட்டையொன்றில் கையைக் கொண்டுபோய்க் கழுத்துக்கு வைத்துவிட்டேன். பிரித்து மறுபடியும் தைக்கும்போது ஊசி முறிந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அந்த மெசினச் சும்மா விடு புள்ள, அது என்ன பாவம் செஞ்சது?" என்றார்.

முதல் ஆறு குழிக்குள் இவர் கழித்தல் நாலுக்கு வந்தார். பிறகு கழித்தல் ஐந்து. பெயர் கோட்டைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. நான் கிணற்றுக்கட்டில் நின்றபடியே தாடையைத் தூக்கினேன். தாழ்வாரத்தில் நின்ற அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா பார்க்காததுபோல மாட்டுக்கு வைக்கோல் போட்டார். ஆனால் ஒரே மாட்டுக்கு மூன்று தரம் போட்டார்.

அந்தப் பக்கத்தில் ஒரு கொடுமை இருந்தது. மற்றவர்களும் விளையாடிக்கொண்டிருப்பதால் கோடு ஓரிடத்தில் நிற்காது. இவர் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே கோடு மேலே வரும், பிறகு இறங்கும். முன்பின் தெரியாத ஒரு கொரியாக்காரன் நல்லாக அடித்தால் எனக்கு எரிச்சல் வந்தது. அவனுக்கும் எங்கோ ஒரு வீட்டில் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்க முயன்றேன். முடியவில்லை. அவன் பந்து தண்ணீருக்குள் போகட்டும் என்றே நினைத்தேன்.

பதினைந்தாம் குழியில் ஓர் அடி கூடிக் கழித்தல் நாலுக்கு வந்தார். கோடும் நாலில்தான். சமமாக இருப்பவர்கள் எல்லாரும் கோட்டுக்கு மேலேதான் என்று தம்பி சொன்னான். அதாவது இனி ஓர் அடியும் கூடக்கூடாது. பதினாறு, மாற்றமில்லை. பதினேழு, மாற்றமில்லை. மழை குடையைத் தாண்டி என் தோளை நனைத்துக்கொண்டிருந்தது. பதினெட்டாம் குழி மட்டும் திறக்கவேயில்லை. பக்கம் வெள்ளையாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் தொலைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அந்தக் கட்டிலேயே திரும்பித் திரும்பி நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருந்தால் எனக்கு என்னவோ ஏறிவிட்டது என்றுதான் நினைத்திருப்பாள்.

திறந்தது. பதினெட்டும் முடிந்தது, கழித்தல் நாலு. அவருக்குப் பின்னால் விளையாடியவர்களும் ஏறக்குறைய முடித்திருந்தார்கள். கோடு அசையவில்லை. இவருடைய பெயர் கோட்டுக்குச் சரியாக மேலே கடைசிக் கூட்டத்தில் இருந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. தம்பி குடையில்லாமல் ஓடிவந்து என் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்துவிட்டுத் தானும் கத்தினான். பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய வெடி அவனிடம் இருந்தது. அதை எடுக்க உள்ளே ஓடினான். அம்மா என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அப்பா வெண்டிட்டார் செல்லம்" என்று அழுதார். அப்பா மாட்டடியிலிருந்து மெதுவாக வந்தார்.

"இப்ப செல்லலாம்தானே?" என்றார். "எத்தினை?"

"நாலு அப்பா. நாலு குறைய."

"நாலு," என்று அவரும் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். நாலு நாள் அடக்கி வைத்த மனுசன் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அந்தக் கட்டார் ஆளுக்கு நானே கோல் எடுத்துச் செல்லுறன், எங்கட மருமகன் வரமாட்டாரெண்டு."

அந்த நேரம்தான் என் தொலைபேசி அடித்தது. இவர். சிக்னல் போய்விடுமென்று நான் கிணற்றுக்கட்டை விட்டு இறங்கவில்லை.

"பாத்த நீங்களா?" என்றார்.

"பாத்தம், பாத்தம்! தம்பி வெடி கொளுத்தப் போறான். அம்மா அழுறா. நீங்க—"

"கொஞ்சம் பொறுக்கச் செல்லு புள்ள."

அவருடைய குரல் வென்ற மனுசனுடைய குரலாக இல்லை. நான் குடையைக் காதோடு சாய்த்துக்கொண்டேன்.

"என்னத்துக்குப் பொறுக்கிற?"

"நான் இன்னும் அடிக்கணக்கு எழுதின தாளில கையெழுத்து வைக்கல்ல. உள்ள போகப்போறன். அதுக்கு முதல் உனக்குச் செல்லோணும். பதினாறாம் குழியில பந்தக் கையில எடுத்துப் போட்டன்."

எனக்குப் புரியவில்லை. அவர் மெதுவாக, யாருக்கும் கேட்காத மாதிரிச் சொன்னார். முதல் மூன்று நாளும் மழை என்பதால், புல்லில் கிடக்கும் பந்தைக் கையிலெடுத்துச் சேற்றைத் துடைத்து வைத்து அடிக்கலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். நாலாம் நாள் வெயில். அனுமதி இல்லை என்று காலையிலேயே அறிவித்துவிட்டார்கள். பதினாறில் பந்தில் கறுத்த சேறு ஒட்டியிருந்தது. எங்கள் வாவிக்கரையில் மாரிக்காலம் முழுக்க ஒவ்வொரு பந்தையும் எடுத்துக் காற்சட்டையில் துடைத்துத்தான் அவர் அடிப்பார். துடைக்காவிட்டால் சேற்றுப் பந்து நேரே போகாது. அங்கேயும் கை தன்பாட்டுக்கு எடுத்தது, துடைத்தது, அதே இடத்தில் வைத்தது. அடித்தார். கடைசிக் குழி முடிந்து தொப்பியைக் கழற்றிக் குனிந்தபோதுதான் வெள்ளைக் காற்சட்டையில் சேற்றைக் கண்டாராம்.

"அதுக்கு ஓர் அடி தண்டம்," என்றார்.

"கூடினா?"

"கூடினாக் கோட்டுக்குக் கீழ."

வீட்டுப் பக்கம் முதல் வெடி வெடித்தது. மகள் கைதட்டும் சத்தம் கேட்டது. நான் வாயைத் தொலைபேசியோடு ஒட்டி வைத்துக் கேட்டேன்.

"ஆராவது பாத்ததா?"

"இல்ல. கூட விளையாடினவன் அங்கால தன்ர பந்தத் தேடிக்கிட்டு நிண்டான். பை தூக்கிறவர் தூரம் பாக்க முன்னுக்குப் போயிற்றார். ஆரும் பாக்கல்ல."

அதோடு சத்தம் அறுந்தது. "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன். திரும்ப அழைத்தேன். தொலைபேசியை அணைத்துவிட்டு உள்ளே போயிருக்க வேண்டும், அது அடிக்கவேயில்லை. இணைப்பு அறுந்திராவிட்டால் அடுத்து நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யாரும் இல்லாத நேரத்தில் என்னையே கேட்டிருக்கிறேன். இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் என்ன செய்யப்போகிறார் என்பதையும் அவர் சொல்லவில்லை. உள்ளே போகப்போகிறேன் என்று மட்டும்தான் சொன்னார்.

நான் பக்கத்தைத் திறந்தேன். கழித்தல் நாலு. கோட்டுக்கு மேலே.

தட்டினேன். நாலு. மறுபடியும் தட்டினேன். நாலுதான். வெடிச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பந்து மாப்பிள்ள வெண்டிட்டாராமே!" என்றாள். முதல் முறையாக என் முகத்துக்கு நேரே, சந்தோஷமாக. நான் தலையாட்டினேன். அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டார். "உள்ள வாகா, தடிமன் பிடிக்கப் போகுது," என்று கூப்பிட்டார். வாறன் வாறன் என்றுவிட்டு அங்கேயே நின்றேன்.

கையெழுத்து வைக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? ஒரு பெயரை எழுதுகிற வேலைதானே. நேரம் போகப்போக, எழுதி முடித்திருப்பார் என்று பட்டது. சொல்லாமலே எழுதிவிட்டார். பொய் சொல்லமாட்டேன், அப்படி நினைத்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது. மகள் தகப்பனோடு இருப்பாள். கட்டார் இல்லை. யாரும் பார்க்கவில்லை. பந்தும் அதே இடத்தில்தான் இருந்தது. யாருக்கு என்ன நட்டம்? அந்தக் கோட்டுக்குக் கீழே கிடக்கிறவர்களுக்கும் ஒன்றும் குறையவில்லை.

கொஞ்ச நேரத்திலேயே அந்தச் சந்தோஷம் போய்விட்டது. இவர் பையைத் தூக்கிக்கொண்டு வருவார். ஊரே வந்து கைகொடுக்கும். அப்பா தன் கூட்டாளிகளையெல்லாம் கூட்டி வருவார். அத்தனை பேருக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. செய்ததைத் தனக்குள் வைத்திருக்க வேண்டியதுதானே, என்னத்துக்கு எனக்குச் சொன்னார்? பாதியை என் தலையில் ஏற்றிவிட்டு அங்கே கையெழுத்து வைக்கிறார். தட்டினேன். நாலு. விரல் மழையில் விறைத்துப் போயிருந்தது. மாறு என்று நினைத்துத் தட்டுகிறேனா, மாறாதே என்று நினைத்துத் தட்டுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. தட்டுவதை நிறுத்த மட்டும் முடியவில்லை.

அப்பா குடையோடு கிணற்றடிக்கு வந்தார். கையில் தன்னுடைய பழைய தொலைபேசி. "அந்தக் கட்டார்காரன்ர நம்பரத் தா புள்ள."

"பொறுங்க அப்பா."

"இனி என்னத்தப் பொறுக்கிற?"

"பொறுங்க எண்டு செல்லுறனே!"

நான் அப்பாவிடம் அப்படிக் கத்தியதில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் தட்டினேன். பக்கம் வெள்ளையாகிச் சுற்றியது. திறந்தபோது இவருடைய பெயர் இருந்த இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். கோட்டுக்கு மேலே முழுவதும் தேடினேன். பிறகு கீழே பார்த்தேன். கோட்டுக்குக் கீழே, கழித்தல் மூன்று.

அந்த ஈரக் கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா பதறிப்போய் என் தோளைப் பிடித்தார்.

"என்ன மகள்? பிழையாப் போட்டிட்டாங்களா?"

"இல்ல அப்பா. பந்தத் துடைச்சுப் போட்டாராம். ஆருக்கும் தெரியாது. அவராப் போய்ச் செல்லியிருக்கார்."

அப்பா என் தொலைபேசியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்து நீண்ட நேரம் பார்த்தார். அவருக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. பிறகு வீட்டைப் பார்த்து, வெடியை நிறுத்தச் சொல்லித் தம்பிக்குக் கைகாட்டினார்.

"அப்ப அந்த ஆளுக்கு ஓம் எண்டு செல்லவா?" என்று கேட்டார். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"அவர் வரட்டும் அப்பா. வந்து ரெண்டு மூண்டு நாள் வீட்டில இருக்கட்டும். மறுகா நானே செல்லுறன்."

முந்திய இரண்டு தடவையும் அவர் தோற்று வந்தபோது, ஐயோ பாவம் என்று அவருக்காகத்தான் அழுதேன். அன்று அந்தக் கிணற்றடியில் எனக்காக அழுதேன். இப்படி ஒரு மனுசனைக் கட்டியிருக்கிறேன் என்று எனக்குச் சரியாகத் தெரியவந்த அன்றுதான், அவரை இரண்டு வருடத்துக்குத் தூர அனுப்பவும் வேண்டி வந்தது.